கல்யாணப் பையில் வந்த ஜப்பான் ஜாடி

போன ஞாயிற்றுக்கிழமை மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணம். பிரியாணி பிரமாதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நல்லதாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஜமால் பாய். விருத்தாசலம் ஜங்ஷனில் என் கணவரோடு பல வருஷம் வேலை பார்த்தவர். என் கணவர் இறந்த பிறகும் எங்கள் வீட்டை மறக்காமல், நேரில் வந்து பத்திரிகை வைத்தார். போகாமல் இருக்க முடியுமா? போனேன். சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தால், மண்டப வாசலில் மேஜை போட்டு ஆளுக்கொரு பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிட்டர்ன் கிஃப்ட்!

பை கனத்தது. எவர்சில்வர் டப்பாவுக்கு இந்தக் கனம் வராது. பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரி நான், கை சொல்லிவிட்டது – உள்ளே இருப்பது பீங்கான். அங்கேயே நின்று பிரித்தேன். நாகரிகம் தெரியாதவள் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

உள்ளே என் ஜாடி.

என் ஜாடி மாதிரி ஒன்று என்று சொல்லவில்லை. என் வீட்டு ஹாலில், என் கணவரின் போட்டோவுக்கு முன்னால் இருக்கும், ஜப்பானில் வாங்கிய அதே பூ ஜாடி. மழை மேகம் போல சாம்பலும் நீலமும் கலந்த அதே நிறம். கழுத்துக்குக் கீழே, யாரோ ஈர மண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல அதே பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு விஷயம் – தங்க எழுத்தில் 'இம்ரான் – ஷபானா', நடுவில் ஒரு ஹார்ட்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். எந்தப் பீங்கான் சாமான் கையில் வந்தாலும் கவிழ்த்து அடியைப் பார்ப்போம். ஒரு வீட்டில் காபி கொடுத்தால்கூட, குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்போம். கவிழ்த்தேன். அடியில் என் ஜாடியைச் செய்த ஜப்பான் குயவரின் முத்திரை! கொஞ்சம் மழுங்கி, ஆனால் அச்சு அசலாக. மேலே மங்கலம்பேட்டை மணமக்கள், கீழே ஜப்பான்காரர்.

ஜமால் பாய் வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்டிம்மா இருக்குது? ஒங்க தம்பி யூனிட்டுல போட்டதுதான்! ஜப்பான் மாடலு. நம்ம பய துபாய்லேர்ந்து வாட்ஸப்ல போட்டோவ பாத்துட்டு, வாப்பா இதான் வேணும்னுட்டான். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாம என்ன பாய்... ரொம்ப நல்லா இருக்குது" என்றேன். சிரிக்கவும் செய்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? மகன் கல்யாணத்தன்று ஒரு மனுஷர் முகத்தில் கரி பூச எனக்கு மனசு வரவில்லை.

அந்த மனசெல்லாம் என் தம்பிக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் ஜாடிப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகள் ஜப்பானில், நகோயாவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் நானும் என் கணவரும் ரயில் ஏறி எங்கேயாவது போவோம். போகிற இடத்தில் ஒரு ஜாடி வாங்குவோம். ஒரு பயணத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. கியோட்டோவில் கோயில் வாசல் சந்தையில் வாங்கியது ஒன்று, வெற்றிலைப் பச்சை. மழைக்கு ஒதுங்கிய கடையில் வாங்கியது ஒன்று, கறுப்பு, தொட்டால் சொரசொரப்பு. இப்படிச் சேர்ந்ததுதான் அலமாரி முழுக்க.

ஊரில் என்ன கேலி, என்ன கேலி! 'விருத்தாசலத்துலேர்ந்து ஜப்பானுக்குப் போயி பீங்கான் வாங்கினு வராங்க பாரு!' எதிர்வீட்டம்மா ஒருநாள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊறுகா போட தோதுப்படாது போலக்குதே" என்றார். எங்கள் ஊரில் ஜாடி என்றால் ஊறுகாய் ஜாடிதான். மூடி இல்லாத ஜாடி எதற்கு என்பது அவருடைய நியாயமான கேள்வி.

கொண்டுவருவதும் லேசுப்பட்ட வேலையில்லை. பெட்டியில் போட்டால் உடையும். என் கணவர் தன் வேட்டியில் சுற்றி, குழந்தையை வைத்துக்கொள்வது போல மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வருவார். ஒருமுறை சென்னை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர், வெள்ளை வேட்டிச் சுற்றலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அஸ்திங்களா சார்?" இவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீடு வரும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் அன்றைக்குச் சுருக்கென்று இருந்தது.

இந்தச் சாம்பல் நீல ஜாடி, நாங்கள் சேர்ந்து போன கடைசிப் பயணத்தில் வாங்கியது. நகோயாவிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர் மாதிரியே ஒரு பீங்கான் ஊர். தெருவெல்லாம் சூளை, தெருவெல்லாம் கடை. இவர் ஒரு கடைக்குள் நுழைந்ததும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு ஜாடியாக எடுத்து, விரல் முட்டியால் டக்கு டக்கென்று தட்ட ஆரம்பித்துவிட்டார். விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக வரும், நல்ல சாமான் என்றால் 'டிங்' என்று இழுக்கும். எங்கள் ஊர் சந்தையில் இதைச் செய்யாமல் யாரும் ஒரு சாசர்கூட வாங்க மாட்டார்கள். கடைக்கார அம்மாள் அலறாத குறையாக ஓடி வந்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "கையை வெச்சிக்கினு சும்மா இருங்களேன்" என்று பல்லைக் கடித்தேன். இவர் அசரவில்லை. ஒரு ஜாடியைத் தட்டி அந்த அம்மாளின் காதருகே நீட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரே இன்னொன்றைத் தட்டி இவர் காதருகே நீட்டினார். அப்புறம் என்ன... இரண்டு பேரும் சேர்ந்து கடையையே தட்டினார்கள்.

கடைசியில் இவர் எடுத்தது, ஓரத்தில் இருந்த பள்ளம் விழுந்த ஜாடியை.

"இது ரிஜெக்ட்டுங்க. நம்ம ஊருல தூக்கிக் கடாசிருப்பாங்க" என்றேன்.

"இரு இரு. இங்க பாரு" என்று கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். பொருந்தி உட்கார்ந்தது. "எனக்குன்னே வெச்ச மாதிரி இருக்குது, பாத்தியா? கைநழுவாது."

நான் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சின்ன விரல். பள்ளத்துக்குள் லொடலொடவென்று ஆடியது.

வாங்கி வந்தோம். அதைக் கழுவும் வேலையை அவர் என்னிடம் கொடுத்ததே இல்லை. அவரே எடுப்பார், கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பிடிப்பார், அவரே கழுவி வைப்பார். அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்களுக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்க மகள் வந்தாள். ஆனால் ஓடியாடி எல்லாம் செய்தவன் என் தம்பி தனசேகர். மகளோடு மணிமுத்தாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாமாவின் அஸ்தியைக் கரைத்தவனும் அவன்தான். கரையேறி வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனை ஏதோ வில்லன் என்று நினைத்துவிடுவீர்கள். வில்லனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

போட்டோவுக்கு முன்னால் அந்த ஜாடியை வைத்தேன். தினமும் இரண்டு தண்டு சம்பங்கி. ஜாடியின் வாய்க்கு இரண்டு தண்டு கணக்காக இருக்கும். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு என்று ஒரு கிறுக்குத்தனம்.

சில மாசம் கழித்து மகள் வற்புறுத்தி நகோயாவுக்கு அழைத்துப் போனாள். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கவும், புதிதாகச் சுவர் அலமாரி வைக்கவும் ஏற்பாடு. ஜாடிகளை எங்கே வைப்பது? தனசேகரே வந்து, பழைய புடவையில் ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்துப் போனான். "பீங்கான் யூனிட் வெச்சிருக்கறவன் கையில ஜாடிய குடுக்க யோசிக்கிறியேக்கா" என்று சிரித்தான். உண்மைதானே? அவனைவிடப் பத்திரமான கை எது?

திரும்பி வந்தபோது எல்லா ஜாடியும் புது அலமாரியில் வரிசையாக இருந்தது. சாம்பல் நீல ஜாடி மட்டும் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிந்தது. கேட்டேன். "சோப்பு போட்டுக் கழுவி வெச்சேன்க்கா" என்றான். கொஞ்சம் சின்னதாகவும் தெரிந்தது. அலமாரி பெரிசு, அதனால் ஜாடி சின்னதாகத் தெரிகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, அதை எடுத்துப் பழையபடி போட்டோவுக்கு முன்னால் வைத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று, சம்பங்கி. இரண்டாவது தண்டு ஜாடிக்குள் இறங்கவில்லை. அழுத்தினால் தோல் உரிகிறது. பூக்காரம்மா செல்வியிடம் சண்டைக்குப் போனேன். "உரத்தப் போட்டுப் போட்டு தண்ட ஊத வெச்சிருக்காங்க, நீயும் அதையே வாங்கினு வந்து விக்கிற!" அவர், "இல்லம்மா, அதே தோட்டத்துப் பூதாம்மா, அதே தண்டுதாம்மா" என்று எத்தனையோ தடவை சொன்னார். நான் கேட்டால்தானே? அன்றிலிருந்து ஒரு தண்டுதான். என்னுடையதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது விஷயம் உங்களுக்கே தெரியும். இதே பக்கத்தில், சில மாசம் முன்னால் எழுதினேனே... கட்டைவிரல்? 'அவர் இருந்தபோது அந்தப் பள்ளத்தில் என் விரல் ஆடிக்கொண்டிருக்கும். இப்போது காலையில் வைத்துப் பார்க்கிறேன், கச்சிதமாகப் பொருந்துகிறது. சேர்ந்து வாழ்ந்த மனுஷன் போன பிறகு, அவருடைய இடத்தை நிரப்பும் அளவுக்கு நாம் வளர்ந்துவிடுகிறோம் போலிருக்கிறது...' என்றெல்லாம் உருகி உருகி எழுதினேன். எத்தனை பேர் போன் செய்து அழுதீர்கள்! ஒரு அம்மா, தன் கணவரின் மூக்குக்கண்ணாடி இப்போது தனக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்லி விம்மினார்.

சரி. கல்யாண மண்டபத்துக்கு வருவோம்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கொதிப்பு. கேட்காமல் அச்சு எடுத்திருக்கிறான்! எங்கள் ஊரின் வியாதி இது. ஒருத்தர் வீட்டில் அழகாக ஒரு பொம்மையைப் பார்த்தால், 'எங்கே வாங்கினீங்க' என்று கேட்பதற்கு முன்னால், இரண்டு துண்டு அச்சில் வருமா, மூன்று துண்டு வேண்டுமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஒட்டாமல் இருக்கச் சோப்புத்தண்ணி பூசு, பிளாஸ்டரைக் கரைத்து மேலே ஊற்று, அது இறுகியதும் அச்சைப் பிரி, உள்ளே களிமண் கரைசலை விடு, சூளையில் அடுக்கு. முடிந்தது. இனி அது ஊர்ச் சொத்து.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. எங்கள் ஊரில் ஸ்கூல் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சமாசாரம் – மண் சுருங்கும். அச்சிலிருந்து எடுத்த சாமான் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது நன்றாகவே சுருங்கும். அதனால் எதைப் பார்த்து அச்சு எடுத்தாலும், வெந்து வருகிற நகல் அசலைவிட ஒரு சுற்றுச் சின்னதாகத்தான் இருக்கும். இதில் யாரும் ஏமாற்ற முடியாது. இந்தக் கல்யாண ஜாடியை என் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தால் அம்மாவும் குழந்தையும் மாதிரி இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து, 'என்ன காப்பியடித்தாலும் நீ குட்டிதான்டா' என்று தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுத்தான் சண்டையையே ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டும் ஒரே உயரம்.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். சம்பங்கியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, இரண்டு ஜாடி வாய்க்கும் மேலே இந்தப் பத்திரிகையையே – என் கட்டைவிரல் கட்டுரை வந்த இதழையே – படுக்கையாக வைத்தேன். ஆடவில்லை. அசையவில்லை. சாயவும் இல்லை.

நகல் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு என்றால்?

முட்டியால் தட்டினேன். இரண்டும் ஒரே 'டிங்'. கவிழ்த்தேன். இரண்டு அடியிலும் ஒரே மழுங்கல் முத்திரை. அவர் போட்டோவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷமாக நான் விரலை வைத்து அழுதுகொண்டிருந்தது தம்பி யூனிட் சாமான் முன்னால். என் விரல் வளரவில்லை. ஜாடி சுருங்கிவிட்டது. சம்பங்கித் தண்டும் ஊதவில்லை.

அப்போதே இன்னொரு ஆட்டோ பிடித்தேன்.

தனசேகர் யூனிட்டில்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். என் கையில் 'இம்ரான் – ஷபானா'வைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"வாக்கா... டீ சொல்லவா?"

"எங்கடா என் ஜாடி?"

"எந்த ஜாடிக்கா?"

"தனசேகரு. என் பொறுமைய சோதிக்காத."

தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பது வயசைத் தாண்டிய மனுஷன், சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"ஒடஞ்சிருச்சுக்கா. பழமலைநாதர் சத்தியமா வேணும்னு செய்யலக்கா. அச்சு மட்டும் எடுத்துட்டு வெச்சிரலாம்னுதான் பாத்தேன். சோப்புத்தண்ணி அந்தப் பள்ளத்துல சரியா புடிக்கல போலக்குது. பிளாஸ்டரு கவ்விக்கிச்சி. லேசாதான் தட்டுனேன்... கழுத்தோட வந்துருச்சி."

"ஒடஞ்சத ஏன்டா சொல்லல?"

"எப்டிக்கா சொல்றது? மாமா போயி ஆறு மாசம்கூட ஆவல. நீ அங்க இருக்க. போன்ல சொன்னா நீ தாங்குவியா? அச்சு நல்லா வந்துருந்துச்சி. கலர மூணு தடவ மாத்தி மாத்திப் போட்டு, அதே மாதிரி ஒன்னு எறக்கி வெச்சேன். நீ வந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லல. அப்பறம் பேப்பர்ல வேற எழுதிட்ட... கட்டவெரலப் பத்தி. அதப் படிச்சிட்டு நான் என்னான்னு வந்து சொல்றது?"

படித்திருக்கிறான்! படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"சரி. ஒடஞ்ச துண்டு எங்க? அதையாச்சும் குடு."

அவன் பின்பக்கம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மில்லைப் பார்த்தான்.

இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யூனிட்டில் உடைந்த சாமானை யாரும் வீணாக்க மாட்டார்கள். கூழாங்கல் போட்டு உருட்டும் பெரிய உருளை மில் இருக்கும். உடைசலை நொறுக்கி அதில் போட்டு மாவாக அரைத்து, புது மண்ணோடு கலந்துவிடுவார்கள். அதிலிருந்து மறுபடி சாமான்.

"ஆளுங்க கூட்டும்போது ஒடசலோட ஒடசலா அள்ளிப் போட்டுட்டாங்கக்கா. நான் பாக்கறதுக்குள்ள அரைஞ்சிருச்சி."

"எந்தச் சாமானுக்குப் போச்சி?"

"அது எப்டிக்கா தெரியும்... அந்த நேரம் ஃபியூஸ் கேரியர் போட்டுக்கினு இருந்தோம். கொஞ்சம் அகல் வெளக்கும் போட்டோம்."

ஆக, என் கணவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜாடி, இப்போது யார் வீட்டு ஃபியூஸ் பெட்டியிலோ பீங்கான் கட்டையாக இருக்கிறது. அஸ்தியைக் கரைத்ததும் இவன்தான், ஜாடியைக் கரைத்ததும் இவன்தான். அஸ்திக்காவது ஆறு எதுவென்று எனக்குத் தெரியும்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத இந்தப் பத்திரிகையில் இடம் தர மாட்டார்கள். கடைசியில் அவனும் வாயைத் திறந்தான்.

"நீ மட்டும் என்னாக்கா? ஜப்பான்ல எவனோ செஞ்ச ஜாடியப் பத்தி வாரா வாரம் எழுதற. தம்பி இருபது வருஷமா யூனிட்டு வெச்சிருக்கான், அதப் பத்தி ஒரு வரி எழுதியிருப்பியா? ஃபியூஸ் கேரியர யாரு இப்ப சீண்டறான்? இந்த ஜாடி ஒன்னுதான் போவுது. கல்யாணத்துக்குக் கல்யாணம் இதத்தான் கேக்கறாங்க. இத நிறுத்திட்டு நான் எங்க போவட்டும்?"

அதில் நியாயம் இருக்கிறதா? இருக்கலாம். கேட்டிருந்தால் நானே கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் நின்று சோப்புத்தண்ணி பூசியிருப்பேன். கேட்கவில்லையே! எடுத்தான், உடைத்தான், அரைத்தான், என் புருஷன் போட்டோவுக்கு முன்னால் ஒரு பொய்யை வைத்தான். அதற்கு நான் தினமும் பூ போட்டதைப் பார்த்துக்கொண்டே என் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான். நியாயத்தைப் பிறகு வந்து காட்டினால் எனக்கு மனசு ஆறாது.

யூனிட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்றாயே... இதோ எழுதிவிட்டேன், தம்பி.

கிளம்புவதற்காகத் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன். சுவரோரம் பலகையில் வரிசையாகப் புது ஜாடிகள். அடுத்த ஏதோ கல்யாணத்துக்கு. அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்தவை. நிறம் பூசாதவை, வேகாதவை, ஈரம் காயாதவை. வெள்ளை வெளேரென்று நின்றன.

பெரிதாக இருந்தன. அந்தப் பழைய உயரம். அந்தப் பழைய வாய்.

ஆமாம், இருக்கத்தானே செய்யும்? இன்னும் சுருங்க ஆரம்பிக்கவில்லையே! அச்சின் வயிற்றுக்குள் என் ஜாடி அளவு மாறாமல் இருக்கிறது. அதிலிருந்து வெளியே வரும் ஒவ்வொன்றும், காயும் வரைக்கும், அவர் தட்டிப் பார்த்து எடுத்த ஜாடியின் அதே அளவில் நிற்கிறது.

எனக்கே தெரியாமல் கை போயிற்று. ஒன்றின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. விரல் ஆடியது. பழையபடி, லொடலொடவென்று, ரெண்டு பக்கமும் இடம் விட்டு... அவர் விரலுக்கான இடம்.

"அக்கா! பச்ச சாமான்க்கா அது! கை வெக்காத, கோணிக்கும்!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

கையை எடுத்துவிட்டேன். என் விரல் நுனி அந்தப் பள்ளத்துக்குள் இன்னொரு குட்டிப் பள்ளத்தைப் போட்டிருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வாங்கி என்ன செய்ய? பச்சை மண் தண்ணீர் பட்டால் கரையும். வைத்திருந்தால் காய்ந்து சுருங்கும். வேக வைத்தால் இன்னும் சுருங்கும். எப்படிப் பார்த்தாலும் அந்த அளவு எனக்கு இல்லை. அழுதுவிட்டேன். தம்பிக்கு எதிரில் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், அதுவும் போயிற்று.

அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் வந்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னான்.

"அழாதக்கா. சுருக்கம் எவ்ளோன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தக்கன அச்ச பெருசு பண்ணி, மாமா வாங்குன அதே சைஸுல ஒன்னு எறக்கித் தரேன். பேரெல்லாம் போடாம. ஒனக்கு வித்தியாசமே தெரியாது."

தெரியாது. அதுதான் ஏற்கெனவே நிரூபணம் ஆகிவிட்டதே.

கிளம்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் போன் செய்கிறான், நான் எடுக்கவில்லை. எத்தனை நாள் எடுக்காமல் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஊரில் மிச்சம் இருக்கிற உறவு அவன் ஒருத்தன்தான். அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

கட்டைவிரல் கட்டுரையைப் படித்து அழுதவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யாரும் யாருடைய இடத்துக்கும் வளர்வதில்லை. மூக்குக்கண்ணாடி அம்மா, நீங்கள் ஒரு நல்ல கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் பூக்காரம்மா செல்வி வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். கேட்டேன். தண்டு ஊதவில்லை, தப்பு என் பேரில்தான் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி கேட்டார். கோபப்படவே இல்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா... ஒங்க வூட்டுக்காரரு ஆசையா வாங்குன சாமான்னு சொல்லுவீங்க. மாறுனது ஒங்களுக்கே தெரிலயா?"

குத்திக் கேட்கவில்லை அவர். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  "ரெண்டு தண்டு குடு" என்றேன்.

இரண்டு ஜாடியையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். போட்டோவுக்கு முன்னால் இப்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. இரண்டு தண்டும் தாராளமாக நிற்கின்றன.

வழவழவென்று இருக்கிறது டம்ளர். கட்டைவிரல் வைக்கத்தான் இடமில்லை.